தராசு அளக்காத சத்து

மண்டியில் தக்காளியை யாரும் சுவைத்துப் பார்ப்பதில்லை. ஏலம் கூறுபவர் பெட்டியின் மேல்வரிசைப் பழங்களைக் கண்ணால் பார்க்கிறார். ஒன்றிரண்டை விரலால் அழுத்துகிறார். நிறமும் கெட்டித்தன்மையும் சரியாக இருந்தால் விலையைச் சொல்லத் தொடங்குகிறார். அரை நிமிடத்தில் ஏலம் முடிந்து, பெட்டி லாரியில் ஏறிவிடுகிறது.

கடந்த மாசி மாதம், தேனி மாவட்டத்தில் விவசாயம் செய்யும் என் முன்னாள் மாணவர் ஒருவருடன் அப்படியொரு மண்டிக்குச் சென்றிருந்தேன். என்னிடம் பொருளியல் பயின்றவர் அவர். இரண்டு ஏக்கரில் வீரிய ஒட்டுத் தக்காளி பயிரிட்டிருக்கிறார். வீட்டுத் தேவைக்கு மட்டும் கிணற்றடியில் சில பாத்திகளில் நாட்டுத் தக்காளி வைத்திருக்கிறார். 'வீட்டுக்கு ஒன்று, ஊருக்கு ஒன்றா' என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. 'ஐயா, சுவையும் சத்தும் கூடுதலாக உள்ள பழத்துக்குப் பெட்டிக்கு எத்தனை ரூபாய் அதிகம் தருவார்கள் என்று சொல்லுங்கள். நாளைக்கே இரண்டு ஏக்கரையும் மாற்றிவிடுகிறேன்' என்றார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விலைக் கோட்பாடு கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு ஒரே விடைதான் தெரிந்தது: பூஜ்யம்.

தக்காளியின் விளைச்சலையும் சத்தையும் உயர்த்தும் ஆராய்ச்சி பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் அதை ஆய்வகத்தின் பிரச்னையாகவே பார்க்கிறோம். விஞ்ஞானிகள் முயன்றால் நல்ல பழம் கிடைத்துவிடும் என்று நம்புகிறோம். ஆனால், கடந்த நூறாண்டுக்கால வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. சந்தை எதை அளந்து விலை கொடுத்ததோ, அதைத்தான் விதை நமக்குக் கொடுத்திருக்கிறது.

முதலில் விளைச்சலின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். தென் அமெரிக்காவின் மேற்குக் கரையோர மலைப்பகுதிகளில் சிறு மணிகளைப் போலக் காய்த்துக் கிடந்த காட்டுச் செடி, இன்று உலகின் முதன்மையான காய்கறிகளில் ஒன்று. உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்கு. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் விளைவிக்கிறோம். ஆயினும், நம் சராசரி விளைச்சல் ஹெக்டேருக்குச் சுமார் 25 டன் மட்டுமே. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய 'அர்கா ரக்ஷக்' என்ற வீரிய ஒட்டு ரகம், 75 முதல் 80 டன் வரை தரவல்லது. இலைச் சுருட்டு நச்சுயிரி நோய், பாக்டீரியா வாடல் நோய், முன்பருவ இலைக்கருகல் நோய் ஆகிய மூன்றையும் தாங்கும் திறனை ஒரே செடியில் கொண்டுவந்தது அதன் சிறப்பு. மருந்துத் தெளிப்புச் செலவு குறைவதும், வைத்த பயிர் கைக்கு வந்துசேர்வதும் விவசாயிக்குச் சிறிய விஷயங்கள் அல்ல. எனவே, 'பழைய ரகங்களுக்கே திரும்புவோம்' என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால், விளைச்சலுக்கு ஒரு விலை உண்டு. இலைகள் சூரிய ஒளியைக் கொண்டு சர்க்கரை தயாரிக்கின்றன. பழங்கள் அதைப் பங்கிட்டுக் கொள்கின்றன. பழங்களின் எண்ணிக்கையும் பருமனும் கூடும் வேகத்துக்கு இலையின் உற்பத்தி கூடாவிட்டால், ஒவ்வொரு பழத்துக்கும் கிடைக்கும் பங்கு குறையும். மீதி இடத்தை நீர் நிரப்பும். தக்காளியில் ஏறத்தாழ 95 சதவீதம் நீர்தான். சர்க்கரை, அமிலம், வைட்டமின்கள், தாதுக்கள், நிறமிகள் அனைத்தும் எஞ்சிய 5 சதவீதத்துக்குள் அடங்கியவை. எடையைக் கூட்டுவதற்கு மிக எளிய வழி, நீரைக் கூட்டுவது.

இது தக்காளிக்கு மட்டும் உரிய கதையன்று. அமெரிக்காவில் 43 தோட்டப் பயிர்களின் 1950, 1999-ஆம் ஆண்டுச் சத்து அட்டவணைகளை ஒப்பிட்டு, டொனால்ட் டேவிஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 2004-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். புரதம், கால்சியம், பாஸ்பரஸ், இரும்பு, ரிபோஃப்ளேவின், வைட்டமின் சி ஆகிய ஆறும் ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் குறைந்திருந்தன. விளைச்சலை முன்னிறுத்தி ரகங்களைத் தேர்ந்தெடுத்ததே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது அவர்களது விளக்கம்.

தக்காளியில் இது எவ்வாறு நிகழ்ந்தது என்பதற்குத் துல்லியமான சான்று ஒன்று 2012-இல் கிடைத்தது. பழைய ரகங்களில் காம்பை ஒட்டிய பகுதி கரும்பச்சையாக இருக்கும். வேளாண்மைத் துறையினர் இதைப் 'பச்சைத் தோள்' என்பர். பழுக்கும்போது அந்தப் பகுதி சற்றுத் தாமதமாகவே சிவக்கும். பழம் முழுவதும் ஒரே சீராகச் சிவந்தால் பறிப்பதற்கும் விற்பதற்கும் வசதி என்பதால், ஏறத்தாழ 70 ஆண்டுகளாக அமெரிக்கப் பயிர் மேம்பாட்டாளர்கள் பச்சைத் தோள் இல்லாத செடிகளைத் தேர்ந்தெடுத்து வந்தனர். அந்தத் தேர்வின் பின்னணியில் இருந்த மரபணுவைக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த ஆன் பவல் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். காயில் பச்சையம் உருவாவதைக் கட்டுப்படுத்தும் மரபணு அது. அது பழுதானதால் பழம் சீராகச் சிவந்தது; கூடவே, பழத்தின் சர்க்கரையும் லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமியும் குறைந்தன. அழகுக்காகச் செய்த தேர்வு, யாரும் அறியாமலேயே இனிப்பையும் சத்தையும் வெளியே தள்ளிவிட்டது.

எவரும் தீய நோக்கத்துடன் இதைச் செய்யவில்லை. நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு விலை இருந்தது. சர்க்கரையும் லைக்கோபீனும் கண்ணுக்குத் தெரியவில்லை. அவற்றுக்கு விலை இல்லை.

பழுப்பதைத் தாமதப்படுத்தும் மரபணு மாற்றம் ஒன்றின் கதையும் இதே போன்றதுதான். 1960-களில் கண்டறியப்பட்ட அதை ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் பெற்ற வீரிய ஒட்டு ரகங்களின் பழம் நாள்பட இருக்கும். நெடுந்தொலைவுப் பயணத்தைத் தாங்கும். ஆனால், பழுத்தலின் வேகத்தைத் தடுக்கும்போது, பழுத்தலோடு வர வேண்டிய மணமும் நிறமும்கூட மட்டுப்படுகின்றன. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் ஹாரி கிளீயும் பிற நாட்டு ஆய்வாளர்களும் 398 வகைத் தக்காளிகளை ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட முடிவும் இதற்கு அரண் சேர்க்கிறது. சுவைக்குக் காரணமான பல வேதிப்பொருள்கள் நவீன ரகங்களில் குறைந்திருப்பதும், பழத்தின் பருமன் கூடக்கூட இனிப்பு குறைவதும் அதில் உறுதியாயின.

நம் மண்ணின் உதாரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். தேனிக்கு அருகில் உள்ள அன்னஞ்சியின் பெயரால் வழங்கிய உள்ளூர்த் தக்காளி ஒன்று இருந்தது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியினர் அதில் செயற்கையாக மரபணு மாற்றத்தைத் தூண்டி, பி.கே.எம். 1 என்ற ரகத்தை உருவாக்கினர். ஹெக்டேருக்கு 30 முதல் 35 டன் வரை விளையும். தொலைதூரப் பயணத்தையும் தாங்கும். அதன் பழங்கள் பச்சைத் தோள் உடையவை என்று வேளாண் கையேடுகள் குறிப்பிடுகின்றன. தோளின் நிறம் ஒன்றே சத்தைத் தீர்மானிப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால், நம் பொது நிறுவனம் ஒன்று உள்ளூர் விதையிலிருந்தே, விவசாயி தானே எடுத்து வைத்து மீண்டும் விதைக்கக்கூடிய ஒரு ரகத்தைத் தர முடிந்தது என்பதை மறந்துவிடலாகாது. வீரிய ஒட்டு விதையில் இது இயலாது. அதன் குணங்கள் அடுத்த தலைமுறையில் சிதறிவிடும். ஒவ்வொரு பருவத்துக்கும் புதிதாக வாங்க வேண்டும்.

இப்போது பொருளியலுக்கு வருவோம். பொருள்களின் தரத்தை நாங்கள் மூன்று வகையாகப் பிரிப்பதுண்டு. வாங்கும் முன்பே கண்ணால் பார்த்து அறியக்கூடிய தரம் ஒன்று. தக்காளியின் நிறமும் பருமனும் இவ்வகை. வாங்கிப் பயன்படுத்திய பிறகே அறியக்கூடிய தரம் இரண்டாவது; அதன் சுவை இவ்வகை. பயன்படுத்திய பிறகும் அறிய முடியாத தரம் மூன்றாவது. அதில் உள்ள வைட்டமின் இவ்வகை. ரசம் வைத்துச் சாப்பிட்ட பிறகும், அந்தத் தக்காளியில் எத்தனை மில்லிகிராம் வைட்டமின் சி இருந்தது என்று எந்த இல்லத்தரசியும் சொல்ல முடியாது. வாங்குபவரால் அறிய முடியாத தரத்துக்குச் சந்தை தானாக விலை கொடுக்காது. விலை இல்லாத தரத்தை வளர்க்க எந்த விதை நிறுவனமும் முதலீடு செய்யாது. இது நிறுவனங்களின் பேராசை பற்றிய குற்றச்சாட்டு அன்று. சந்தையின் இயல்பு பற்றிய எளிய உண்மை.

இந்த உண்மையை அருகருகே வைத்துக் காட்டும் இரண்டு நிகழ்வுகள் அமெரிக்க வேளாண் வரலாற்றில் உள்ளன.

ஒன்று, 1962-இல் தொடங்கியது. பெரு நாட்டின் மலைப்பகுதியில் தாவரங்களைச் சேகரித்துக்கொண்டிருந்த ஹியூ இல்டிஸ், டொனால்ட் யூஜென்ட் என்ற இரு தாவரவியலாளர்கள், பச்சை நிறத்தில் சின்னஞ்சிறு பழங்கள் கொண்ட ஒரு காட்டுத் தக்காளியைக் கண்டனர். அதன் விதைகள் டேவிஸில் இருந்த தக்காளி மரபியல் அறிஞர் சார்லஸ் ரிக்கிடம் போய்ச் சேர்ந்தன. அறிவியல் அதுவரை அறியாத இனம் அது. அதைப் பயிர்த் தக்காளியுடன் கலந்து, மீண்டும் மீண்டும் தேர்ந்தெடுத்து, பழத்தில் கரைந்துள்ள திடப்பொருளின் அளவை ரிக் உயர்த்திக் காட்டினார். பத்தாண்டுகளுக்கும் மேலாக நடந்த வேலை இது. தக்காளி விழுது தயாரிக்கும் ஆலைகளுக்கு இது பெரும் இலாபம். திடப்பொருள் கூடினால் ஆவியாக்க வேண்டிய நீர் குறையும், எரிபொருள் மிச்சமாகும். ஆலைகள் திடப்பொருளை அளக்கும் வழக்கம் உடையவை. எனவே, அந்தக் காட்டுச் செடியின் குணத்துக்குப் பண மதிப்பு இருந்தது.

மற்றொன்று, அதற்குச் சற்று முன்பு நடந்தது. இந்தியானா மாநிலத்தின் பர்டியூ பல்கலைக்கழக அறிஞர்கள், இதே போல ஒரு காட்டுத் தக்காளியின் குணத்தைக் கொண்டு 'கேரோ-ரெட்' என்ற ரகத்தை 1958-இல் வெளியிட்டனர். உடலில் வைட்டமின் ஏ-யாக மாறும் பீட்டா கரோட்டின் அதில் வழக்கமான தக்காளியைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு. ஆனால், லைக்கோபீன் பீட்டா கரோட்டினாக மாறும்போது பழத்தின் சிவப்பு குறைந்து ஆரஞ்சு நிறம் வந்துவிடுகிறது. கடையில் அந்தப் பழத்தைப் பார்த்தவர்கள் கண்டது நிறத்தை மட்டுமே, வைட்டமினை அல்ல. சந்தையில் அந்த ரகம் இடம்பிடிக்கவில்லை.

அறிவியல் முறை இரண்டிலும் ஒன்றே; திறமையிலும் குறைவில்லை. ஒரு குணத்தை அளக்க வாங்குபவரிடம் கருவி இருந்தது. மற்றதை அளக்க இல்லை. இரண்டின் தலையெழுத்தையும் தீர்மானித்தது அந்த வேறுபாடுதான்.

இன்று தொழில்நுட்பம் மேலும் வளர்ந்துவிட்டது. இந்தியா உள்பட 14 நாடுகளின் அறிவியலாளர்கள் சேர்ந்து தக்காளியின் மரபணுத் தொகுதியை 2012-இல் வாசித்து முடித்தனர். மரபணுத் திருத்தத்தின் மூலம் 'காபா' என்ற அமினோ அமிலத்தைக் கூட்டிய தக்காளி, ஜப்பானில் 2021-இல் விற்பனைக்கு வந்தது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் உருவாக்கிய ஊதா நிறத் தக்காளியின் விதை, 2024-இல் அமெரிக்க வீட்டுத் தோட்டங்களைச் சென்றடைந்தது. இத்தகைய தொழில்நுட்பங்கள் குறித்து ஆதரவும் எதிர்ப்பும் உண்டு; அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால், அவற்றின் விற்பனை முறையில் நமக்கொரு பாடம் இருக்கிறது. இரண்டுமே பத்தோடு பதினொன்றாகப் பெட்டியில் போட்டு எடைக்கு விற்கப்படவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று சொல்லி, தனிப் பெயரில் விற்கப்பட்டன. அறிய முடியாத தரம், அறிவிக்கப்பட்ட தரமாக மாறியது.

இது நமக்குப் புதிய யோசனையும் அன்று. கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கத்தில் லிட்டரை மட்டும் அளப்பதில்லை; கொழுப்பையும் பிற திடச்சத்தையும் சோதித்தே விலை தருகிறார்கள். அதனால்தான் மாடு வாங்கச் செல்லும் விவசாயி 'எத்தனை லிட்டர் கறக்கும்' என்று கேட்பதோடு நில்லாமல், 'கொழுப்பு எவ்வளவு' என்றும் விசாரிக்கிறார். கரும்புக்கு மத்திய அரசு நிர்ணயிக்கும் விலை, சர்க்கரைக் கட்டுமானத்துடன் இணைந்தது, 10.25 சதவீதத்துக்கு மேல் கட்டுமானம் கூடினால் விலையும் கூடும். பருத்திக்கு இழையின் நீளம் பார்த்து விலை. பாலில், கரும்பில், பருத்தியில் நாம் செய்வதைத் தக்காளியில் ஏன் செய்யக் கூடாது?

கருவி ஒன்றும் அரிதானதன்று. பழச்சாற்றின் ஒரு சொட்டை விட்டு, ஒளியின் எதிரே பிடித்துப் பார்த்தால் கரைந்துள்ள திடப்பொருளின் சதவீதத்தைக் காட்டும் கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. திராட்சைத் தோட்டங்களில் அறுவடைக்கு நாள் குறிக்க அதைப் பயன்படுத்துகிறார்கள். அது வைட்டமினை அளக்காது என்பது உண்மைதான். ஆனால், நீருக்கு விலை கொடுக்கிறோமா, பழத்துக்கு விலை கொடுக்கிறோமா என்பதைச் சொல்லிவிடும். தொடக்கத்துக்கு அது போதும்.

மூன்று செயல்களை அரசு பரிசீலிக்கலாம்.

முதலாவது, புதிய ரகம் வெளியிடப்படும்போது விளைச்சலும் நோய் எதிர்ப்பும் முன்னிறுத்தப்படுவதைப் போல, திடப்பொருள், வைட்டமின் சி, லைக்கோபீன், பீட்டா கரோட்டின் அளவுகளும் சோதிக்கப்பட்டு விதைப் பொட்டலத்தின் மேல் அச்சிடப்பட வேண்டும். பெட்டிப் பெட்டியாகச் சோதிப்பது இயலாது. ரகத்தைச் சோதிப்பது இயலும்.

இரண்டாவது, அரசே ஒரு பெரிய நுகர்வோர் என்பதை அது உணர வேண்டும். பள்ளிச் சத்துணவு, காலை உணவுத் திட்டம், மாணவர் விடுதிகள், அரசு மருத்துவமனைகள் அனைத்திலும் தக்காளி அன்றாடம் வேகிறது. தனி வீட்டுக்கு இல்லாத சோதனை வசதி அரசுக்கு உண்டு. சத்து மிகுந்த ரகமென்று சான்று பெற்ற பழத்துக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகத் தருவோம் என்று அரசு அறிவித்தால், அந்தச் செய்தி வயலுக்கும் விதை நிறுவனத்துக்கும் ஒரே பருவத்தில் போய்ச் சேரும். கூடுதல் செலவு ஏழை நுகர்வோரின் தலையில் விழாது. பயன் ஏழைக் குழந்தையின் தட்டில் விழும். தக்காளியை எண்ணெயுடன் சமைக்கும்போது லைக்கோபீன் உடலில் எளிதாகச் சேர்கிறது என்பதால், நம் சாம்பாரும் தொக்கும் இதற்கு ஏற்ற உணவுகளே.

மூன்றாவது, பொதுத்துறை ஆராய்ச்சிக்கு நிதி தேவை. சத்தைக் கூட்டுவதால் வரும் பயன் சமுதாயம் முழுவதற்கும் பரவுகிறது. அதைக் கண்டுபிடித்தவரின் கல்லாவுக்கு வருவதில்லை. இத்தகைய பயனைத் தனியார் சந்தையிடம் மட்டும் விட்டுவைக்க முடியாது என்பது பொருளியலின் பால பாடம்.

'விவசாயிக்கு விளைச்சல் கூடினால் போதாதா' என்று கேட்கலாம். 2023-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளியைச் சென்னை நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியிருந்தது. செப்டம்பருக்குள் விலை சரிந்து, மகாராஷ்டிரத்திலும் ஆந்திரத்திலும் விவசாயிகள் பழத்தைச் சாலையில் கொட்டினர். தக்காளி மலிந்தால் மக்கள் இரு மடங்கு சாப்பிடுவதில்லை. எனவே, விளைச்சல் கூடும்போது வருமானம் குறைவதும் உண்டு. எடையில் மட்டுமே போட்டியிடும் விவசாயிக்கு இதிலிருந்து தப்ப வழியில்லை. தரத்திலும் போட்டியிட முடிந்தால், அவருக்கு ஒரு வழியாவது திறக்கும்.

தக்காளி மட்டுமே நம் ஊட்டச்சத்துக் குறைபாட்டைத் தீர்த்துவிடாது. ஆனால், நாள்தோறும் ஏழை வீட்டு அடுப்பில் வேகும் ஒரு பொருளில் சத்து கொஞ்சம் கூடினாலும், அது கோடிக்கணக்கான தட்டுகளில் கூடும். அறிவியல் அதற்கான வழிகளைக் கண்டுவிட்டது, காத்திருப்பது விலைதான்.

என் மாணவரின் கேள்வி இன்னும் நிலுவையில் இருக்கிறது. அடுத்த முறை அவருடன் மண்டிக்குச் செல்லும்போது, பூஜ்யத்தைத் தவிர வேறோர் எண்ணை நான் சொல்ல வேண்டும். ஒரு பெட்டிக்கு இருபது ரூபாய் என்றாலும் போதும். மற்றக் கணக்கை அவரே போட்டுக்கொள்வார். பொருளியல் படித்தவர் அல்லவா!